கோட்டை வாசலில் நின்ற படை

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கைக்குச் சிக்காத ஒரு கலகப் படையின் கதை சொல்கிறேன்.

"மறுபடியும் ஓடிட்டானுங்க, பாவிப் பசங்க!" என்று கணினி முன்னால் தொடையில் அடித்துக்கொண்டார் ரயில் கார்டு.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ராஜா காலத்துப் போர் விளையாட்டு ஒன்றை, விபத்தில் இறந்துபோன மகன் பாதியில் விட்டுப் போயிருந்தான். திரையில் இருந்த அரசனுக்குத் தன் பெயரையே வைத்திருந்தான். தலைநகர் விழுந்தால் அந்தப் பெயரும் அழிந்துவிடும். அதற்காகத்தான், மவுஸைப் பிடிக்கவே தெரியாத மனிதர் சேனாதிபதி ஆனார்.

காலமெல்லாம் சிக்னலைப் பார்த்து அதன் நிறத்தை உரக்கச் சொல்லியே பழகியவர். இப்போதும் வீடு அதிரக் கத்திவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவார்.

"குதிரைப் படை, ஆத்தங்கரைக்குப் புறப்படு!"

எதிர்ப்பக்கத்துக் கலகக்காரன் அவசரப்படமாட்டான். சாவகாசமாகத்தான் பதிலுக்கு நகர்த்துவான். ஆனால் படை போய்ச் சேரும்போது ஆற்றங்கரையில் அடுப்புச் சாம்பல்தான் கிடக்கும்.

"மாமா, சாப்பாடு ஆறுது." மருமகள் தட்டை வைத்தாள்.

"வச்சிட்டுப் போ. போர் நடக்குது."

மகன் போன பிறகு இருவருக்கும் பேச்சே அவ்வளவுதான்.

"வரியை ஏத்து! ஆளைச் சேர்!" என்றார். வரி கட்ட முடியாத ஊர்களெல்லாம் கலகக்காரனோடு சேர்ந்துகொண்டன.

"படையை ரெண்டாப் பிரி! ஒண்ணு மலைக்கு, ஒண்ணு காட்டுக்கு!" மலையில் பாதி பேர் பனியில் விறைத்தார்கள். காட்டில் மீதி பேர் வழி தவறினார்கள்.

"அரண்மனைக் காவலும் கிளம்பு!"

கிளம்பிற்று. மறுநாள் பார்த்தால், காவலில்லாத கோட்டை வாசலில் கலகப் படை.

"போச்சு. என் புள்ள ரெண்டாந்தடவையும் போயிட்டான்." இந்த முறை அவர் கத்தவில்லை.

ஆனால் படை உள்ளே வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. குதிரைகள் புல் மேய்ந்துகொண்டு நின்றன. கார்டுக்குச் சோறு இறங்கவில்லை. கணினி பழுதுபார்ப்பவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"மெஷின் கெட்டுப்போச்சு தம்பி. வாசல் தொறந்து கெடக்கு, உள்ள வர மாட்டேங்குறானுங்க. வந்து தொலைச்சாலாவது ஒரே மூச்சா அழுது முடிச்சிருவேன்."

வந்தவர் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "மெஷின் நல்லாத்தான் இருக்கு, பெரியவரே. அது ஆடவே இல்ல. இது ரெண்டு பேர் ஆடுற ஆட்டம். எதிராளி இந்த வீட்டுக்குள்ளேருந்துதான், போன்ல ஆடுறாங்க. நீங்க போடுற சத்தத்துக்கு ஒற்றன் வேற எதுக்கு?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. ஈரக் கையோடு மருமகள் வாசற்படியில் வந்து நின்றாள்.

"நாங்க ரெண்டு பேரும் ஆடும்போது எப்பவும் அவருதான் ராஜா, நான்தான் கலகம். உள்ள வந்துட்டா ஆட்டம் முடிஞ்சிடுமே, மாமா."

உங்கள் வீட்டு வாசலில் தயங்கி நிற்பவரை உள்ளே கூப்பிட, உங்களுக்கு என்றும் குரல் இருக்கட்டும், கண்ணுகளா.