சிறுத்தைப்புள்ளிக் கோட் போட்ட நாலு படங்கள்

குழுப் படம் ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் தேடுவது தங்கள் முகத்தைத்தான். கண் மூடியிருக்கிறதா, வயிறு தள்ளித் தெரிகிறதா என்றெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் பக்கத்தில் நிற்பவரின் ஞாபகம் வரும். இருபத்திரண்டு வயதில் எனக்கு அந்த இரண்டாவது பார்வையே கிடையாது. என் முகம், என் உடுப்பு, என் சப்பாத்து. அதோடு படம் முடிந்தது. (இப்போது திருந்திவிட்டாயா என்று கேட்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.)

அப்போது நாங்கள் வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். அப்பா வங்கியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா வீட்டை ஆண்டுகொண்டிருந்தார். நான் சந்தைப்படுத்தல் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு, நாள் முழுக்க கைபேசியில் உடுப்புப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே உடுப்பை வைத்துக்கொண்டு பத்து விதமாகப் போட்டுக் காட்டும் வெள்ளைக்காரப் பெண்களின் வீடியோக்கள் எனக்கு மனப்பாடம். எது எதோடு பொருந்தும் என்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நம்பினேன். உலகம் இன்னும் என்னைக் கண்டுபிடிக்காததற்கு ஒரே காரணம், என்னிடம் தகுந்த உடுப்பு இல்லாததுதான்.

அந்த உடுப்பு கனடாவிலிருந்து வந்தது. ஊருக்கு வந்த உறவினர் ஒருவர் கையில் பெரியம்மா கொடுத்துவிட்ட பார்சலில் சொக்லேட், சத்து மாத்திரை, இவற்றின் அடியில் ஒரு கோட். முழங்கால்வரை நீளம், உள்ளே வழுவழுப்பான உள்துணி, வெளியே கழுத்திலிருந்து கீழ்வரை சிறுத்தைப்புள்ளி. குளிர் தொடங்கும் காலத்துக்கென்று தைத்தது. கொழும்பில் அப்போது சித்திரை வெயில்.

கோட் வந்ததைவிட அதை அனுப்பியது யார் என்பதுதான் வீட்டில் பெரிய செய்தி. பெரியம்மாவும் அம்மாவும் பல வருடங்களாகக் கதைப்பதில்லை.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் ஆட்கள் சிரிக்கமாட்டார்கள். பெரியம்மாவின் மகள் சுபா அக்காவின் கல்யாணம் வெள்ளவத்தையில்தான் நடந்தது. எங்கள் கல்யாணங்களில் தாலி கட்டுவது ஒரு சடங்கு என்றால், அதன்பின் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மணவறையில் ஏற்றிப் படம் எடுப்பது அதைவிடப் பெரிய சடங்கு. யாரை முதலில் கூப்பிட்டார்கள், யாரை மறந்தார்கள் என்பது பேரப்பிள்ளை காலம்வரை கதைக்கப்படும். அன்றைக்குக் குடும்பப் படத்துக்கு அம்மாவைக் கூப்பிடவில்லை. பெண்ணின் தாயோடு கூடப்பிறந்த ஒரே தங்கச்சி, புதுக் காஞ்சிபுரம் கசங்காமல், இரண்டாம் வரிசையில் கையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை காத்திருந்தார். "கூப்பிட ஆள் அனுப்பினனான், அவள் சாப்பாட்டு மண்டபத்தில பாயசக்காரனோட சண்டை பிடிச்சுக்கொண்டு நிண்டவளாம்" என்பது பெரியம்மாவின் வாதம். அக்கா முதலில் கதைக்கும்வரை தானும் கதைப்பதில்லை, இனி அக்காவுக்காக எந்தப் படத்திலும் நிற்பதில்லை என்று அம்மா அன்றே முடிவு செய்துவிட்டார்.

பார்சல் வந்து மூன்றாம் நாள் சுபா அக்கா தொலைபேசி எடுத்தார். "சித்தி, அம்மா கேக்கிறா, கோட் பிள்ளைக்கு அளவோ எண்டு. போட்டுப் படம் எடுத்து அனுப்பட்டாம்."

வெளிநாட்டுப் பார்சலுக்கு இது எழுதாத சட்டம். போட்டுப் படம் அனுப்பாவிட்டால், அதை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டோம் என்று அங்கே முடிவாகிவிடும். அம்மா கோட்டை எடுத்து மூக்கருகில் வைத்தார்.

"அக்காட அலுமாரி மணம்" என்றார். பிறகு, யாரோ பார்த்துவிட்டதுபோல் சட்டென்று மடித்து வைத்தார்.

"ஒரு படம் காணாது, மதுரா. கடமைக்குப் போட்ட மாதிரி இருக்கும். நல்லா விரும்பிப் போடுற மாதிரி நாலு அனுப்பவேணும். ஆனா நான் படத்துக்கு வரமாட்டன்."

"உங்களை ஒருத்தரும் கூப்பிடேல்லையே" என்றேன் நான்.

விளையாட்டாகத்தான் சொன்னேன். அம்மா ஊசி டப்பாவைத் திறந்து சேப்டி பின் தேடத் தொடங்கினார். அந்த வசனத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு நாக்கைக் கடிக்கத் தோன்றுகிறது. அன்று என் காதில் ஏறியிருந்தது 'நாலு' என்ற சொல் மட்டும்தான். ஒரே கோட், நாலு தோற்றம். என் காலம் வந்துவிட்டது.

அப்பாவைப் படப்பிடிப்பாளராக நியமித்தேன். அவருக்குக் கோட்டைப் பார்த்ததுமே முகம் மாறியது.

"உதைப் போட்டுக்கொண்டு காலி வீதியால போகப் போறியோ?"

"ஏனப்பா?"

"புலித்தோல் மாதிரியெல்லோ கிடக்கு."

"ஐயோ அப்பா, இது சிறுத்தை. புள்ளி. புலிக்குக் கோடு."

"அந்தக் காலத்தில செக்பொயின்ற்றில நிண்டு புள்ளியோ கோடோ எண்டு ஆர் விளங்கப்படுத்திறது?"

"அந்தக் காலம் முடிஞ்சுது."

"ஓம் ஓம், முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அடையாள அட்டை அங்கேதான் இருந்தது. குப்பை கொட்ட லிப்டில் கீழே போவதென்றாலும் அது அங்கேதான் இருக்கும்.

அவருக்கு நான் கொடுத்த கட்டளை ஒன்றுதான். "தலையிலயிருந்து சப்பாத்து வரைக்கும் வரவேணும். சப்பாத்து வெட்டுப்பட்டா எல்லாம் வீண். காணாட்டில் பின்னுக்குப் போங்கோ." அப்பா சொன்னதைச் செய்கிறவர். அன்றைக்கு முழுக்கப் பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தார்.

முதல் தோற்றம் வெள்ளவத்தைக் கடற்கரை. கறுப்பு ஜீன்ஸ், வெள்ளை ரீசேர்ட், கோட் பொத்தான் போடாமல், கை முழங்கைவரை சுருட்டி. பார்ப்பவர்களுக்கு 'அலட்சியமான அழகு' என்று படவேண்டும். பத்து நிமிடத்தில் உள்துணி முதுகோடு ஒட்டிவிட்டது. நான் கடலைப் பார்த்து யோசிப்பதுபோல் நின்ற வேளை பார்த்துப் பாணந்துறைப் பக்கம் போகும் ரயில் வந்தது. மிதிபலகையில் தொங்கியவர்கள் ஒருவர் விடாமல் எனக்குக் கை காட்டினார்கள். குடையும் உடுப்புப் பையும் தண்ணீர்ப் போத்தலுமாக வந்திருந்த அம்மா, "நான் கண்ணில படாத இடத்தில நிக்கிறன்" என்று தாழம்புதருக்குப் பின்னால் போய்விட்டார்.

இரண்டாவது கொள்ளுப்பிட்டி. ஒரு கடைத்தொகுதியின் கழிவறையில் வெளிர்மஞ்சள் பிளவுஸுக்கும் ஒடுங்கிய கறுப்புப் பாவாடைக்கும் மாறினேன். கோட்டில் கையை நுழைக்காமல் தோளில் மட்டும் போட்டுக்கொண்டேன். வீடியோக்களில் கம்பனித் தலைவிகள் அப்படித்தான் நடப்பார்கள். (எனக்கு வேலையே இருக்கவில்லை என்பது வேறு விஷயம்.) கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் உயரமான கட்டடத்தின் முன் நின்று இடுப்பில் கை வைத்தபோது காவலாளி ஓடிவந்தான். என் வயதுதான் இருக்கும்.

"மிஸ், மெத்தன பொட்டோ கன்ன பே" என்றான். இங்கே படம் எடுக்கக்கூடாதாம். அவ்வளவுதான் அவன் சொன்னது, சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அப்பாவின் முகத்தில் இரத்தம் இல்லை. ஒரு கையில் கைபேசி இருக்க, மற்றக் கையால் அடையாள அட்டையை எடுத்து நீட்டிவிட்டார். யாரும் அதைக் கேட்கவில்லை. காவலாளி அட்டையையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

எனக்கு வந்தது எரிச்சல். "அப்பா, அதை உள்ள வையுங்கோ! படத்தை எடுங்கோ!"

எங்கோ தூணுக்குப் பின்னால் நின்ற அம்மாதான் விரித்த குடையோடு வந்து குறுக்கே நின்றார். "மல்லி, பொட்டக் இன்ன" என்று தன் உடைந்த சிங்களத்தில் அந்தத் தம்பியைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். அந்த இடைவெளியில் அப்பா எடுத்ததுதான் இரண்டாம் படம். அன்று அப்பாவால் எனக்கு வெட்கமாக இருந்தது. அதை நினைத்து இன்று எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது தோற்றத்துக்குக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். அங்கே இருந்த என் சிநேகிதி ஷெரின், நத்தார் விருந்துக்குத் தைத்த கறுப்புக் கவுனை இரவல் தருவதாகச் சொல்லியிருந்தாள். கவுன் அவள் அளவு. என்னை அதற்குள் ஏற்ற அவளும் அவளுடைய அம்மாவும் தேவைப்பட்டார்கள். மேலே கோட், இடுப்பில் பெல்ட், சிவப்பு உதட்டுச்சாயம். மூச்சு விடாமல் ஒழுங்கை முனையில் நின்றேன். பள்ளிக்கூட வான் ஒன்று மெதுவாகப் போனது. உள்ளே இருந்த பையன்கள் எல்லோரும் என்னைப் பார்த்து ஒரே குரலில் உறுமினார்கள். அப்பா அப்போதும் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தார். அம்மாவைக் காணவில்லை. நான் தேடவுமில்லை.

நாலாவது, எங்கள் அடுக்குமாடியின் மொட்டைமாடியில், துணி காயும் இடத்தில். கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டு, கவுன் மாதிரி, ஷெரினின் பூட்ஸோடு.

"காலுக்கு ஒண்டும் இல்லையோ?" என்றார் அம்மா.

"இதுதானம்மா ஸ்டைல்."

"அக்கா என்னை என்னெண்டு நினைப்பா? கறுப்புக் காற்சட்டையையாவது போடு."

போட்டேன். பூட்ஸ் எனக்குப் பெரிது. நுனியில் கடதாசி திணித்திருந்தேன். நடந்தால் சரசரவென்று சத்தம் வந்தது, நல்லவேளை படத்தில் சத்தம் வராது.

ஒவ்வொரு தோற்றத்துக்கும் ஒரு பொய்யும் தயாராக இருந்தது. 'கடற்கரையில் ஒரு காலை', 'பயிற்சி வேலையின் முதல் நாள்', 'சிநேகிதியின் பிறந்தநாள் விருந்து', 'சும்மா ஒரு சனிக்கிழமை'. படங்கள் அப்பாவின் கைபேசியில் இருந்ததால், வாரத்துக்கு ஒன்றாகக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடும்படி அவரிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். கோட்டைக் கழற்றவே அம்மாவின் உதவி தேவைப்பட்டது. குளித்துவிட்டு வந்து பார்த்தால் நாலும் போயிருந்தன.

"வேலையை மிச்சம் வைக்கக்கூடாது பிள்ளை" என்றார் வங்கியில் வேலை செய்த அப்பா.

நோர்வே மாமா எழுதியிருந்தார்: 'கொழும்பில் ஒரே நாளில் வேலையும் விருந்துமோ? நல்ல வசதிதான்.' லண்டன் மச்சாள்: 'நாலு படத்திலும் தலை கிளிப் ஒன்றுதான் போல?' எனக்குக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுக்கவேண்டும்போல் இருந்தது.

அம்மா அவர்களையெல்லாம் கவனிக்கவில்லை. அப்பாவின் கைபேசியில் ஒரே ஒரு பெயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா படங்களைப் பார்த்துவிட்டார் என்று காட்டியது. பதில் இல்லை. கொழும்பில் பின்னேரம், அங்கே காலை.

"பாத்திட்டா. பாத்திட்டும் ஒண்டும் சொல்லேல்லை" என்றார் அம்மா. அந்தக் குரலில் இருந்தது கோட்டைப் பற்றிய கவலை அல்ல. எழுந்துபோய்ப் புட்டுக்குத் தேங்காய் துருவத் தொடங்கினார்.

கொஞ்ச நேரத்தில் அப்பாவின் கைபேசி அடித்தது. வீடியோ அழைப்பு. அப்பா குசினிக்கு ஓடினார். "இஞ்சேரும்! கொக்கா!"

திரையில் பெரியம்மா. கம்பளிச் சட்டை, கையில் தேத்தண்ணி, மூக்குக் கண்ணாடி நெற்றியில்.

"வசந்தி, ஏனடி இப்பிடி மெலிஞ்சுபோனாய்?"

அம்மா துருவிய கையை எடுக்கவில்லை. "ஆர் சொன்னது?"

"நாலு படத்திலயும் நிக்கிறாயே."

"நான் ஒரு படத்திலயும் நிக்கேல்லை."

"அப்ப அந்தத் தம்பிலி குடிக்கிறது ஆர்?"

நான் என் கைபேசியை எடுத்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு படத்தை இரண்டாம் தரம் பார்த்தேன். கடற்கரைப் படத்தின் ஓரத்தில் தாழம்புதர், அதன் பின்னால் ஒற்றைக் காலில் நின்று செருப்பில் மணல் தட்டும் அம்மா. கொள்ளுப்பிட்டிப் படத்தில், எனக்குப் பின்னாலிருந்த கண்ணாடியில், குடையோடு காவலாளியை மறித்து நிற்கும் அம்மா. கொட்டாஞ்சேனையில், தம்பிலி இளநீர் வண்டிக்குப் பக்கத்தில், கண்ணை மூடி உறிஞ்சும் அம்மா. மொட்டைமாடியில், காயும் படுக்கை விரிப்புக்குக் கீழே இரண்டு பாதம், மேலே ஒரு கொண்டை, நான் விழுந்துவிடுவேனோ என்று எட்டிப் பார்க்கும் பாதி முகம். என் சப்பாத்துக்காக அப்பா பின்னுக்குப் போகப் போக, அம்மா படத்துக்குள் வந்திருக்கிறார்.

"தலை இப்பிடி நரைச்சுப்போச்சு. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார் பெரியம்மா.

"நீங்கள் கூப்பிடேல்லையே அக்கா" என்றார் அம்மா. எல்லா வருடங்களும் அந்த ஒரு வரியில் இருந்தன.

"ஆள் அனுப்பினனான் வசந்தி."

"ஆள் அனுப்பினாக் காணுமோ? நீங்களெல்லோ வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போயிருக்கவேணும்."

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ஓம். நான்தான் வந்திருக்கவேணும்."

அப்பா அடுப்பை நிறுத்தினார். இரண்டு பேரும் அழுதார்கள், பிறகு பாயசக்காரனைத் திட்டினார்கள், பிறகு சிரித்தார்கள். அன்றைக்குப் புட்டு அவியவே இல்லை, பாண் வாங்கிச் சாப்பிட்டோம். அழைப்பு முடியப் போகும் நேரத்தில் நான் மெதுவாகத் தலையை நீட்டினேன்.

"பெரியம்மா, கோட் எப்பிடி இருக்கு?"

"எந்தக் கோட்?" என்றார் பெரியம்மா.

இன்றுவரை எங்கள் வீட்டில் யாராவது புது உடுப்புப் போட்டுக்கொண்டு வந்து நின்றால், அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் "எந்தக் கோட்?" என்று கேட்பார்.

போன வருடம்தான் முதல் தடவையாகக் கனடா போனேன். பெரியம்மாவின் வீட்டு வரவேற்பறைச் சுவரில், சுபா அக்காவின் கல்யாணப் படத்துக்கும் மேலே, நாலு சட்டகங்கள். செருப்புத் தட்டும் அம்மா, குடை பிடிக்கும் அம்மா, தம்பிலி குடிக்கும் அம்மா, எட்டிப் பார்க்கும் அம்மா. பெரிதாக்கி, என்னை வெட்டி எடுத்துவிட்டுப் போட்டிருந்தார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் விரலளவு சிறுத்தைப்புள்ளி மட்டும் மிச்சம் இருந்தது.

நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றபோது, வந்திருந்த ஒரு மாமி அந்தச் சுவரைக் காட்டி யார் என்று கேட்டார்.

"இது என்ர தங்கச்சி" என்றார் பெரியம்மா.

"அப்ப பக்கத்தில தெரியிறது?"

"அதோ? அது ஆரோ புள்ளிக் கோட் போட்ட ஒரு பிள்ளை. படத்துக்குக் குறுக்கால வந்திட்டுது."