உதாரண வாக்கியத்தில் வந்த உறவினர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நாற்பத்தொரு வருடம் செய்தியாளனாக இருந்தவனுக்கு, உறுதி செய்யாததை எழுதிப் பழக்கமில்லை. நான் நலம். உன் அக்காவின் நலம் பற்றித் தகவல் இல்லை. ஒன்பது நாட்களாக அவள் என்னோடு பேசவில்லை. உன் நலத்தை அறியப் பதினான்கு முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருந்த என்மேல் இரக்கப்பட்டு, பழைய பத்திரிகையில் மாணவர் பக்கத்தில் செவ்வாய்தோறும் ஒரு சிறிய பத்தி கொடுத்தார்கள். ஓர் ஆங்கில வினைச்சொல், தமிழில் அதன் பொருள், அதற்கு நெருங்கிய சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரண வாக்கியம். அந்தப் பக்கத்தைக் கவனிக்கும் பெண் முதல் நாளே சொன்னாள்: "சார், ரொம்ப யோசிக்காதீங்க. ஒருத்தன் பள்ளிக்கூடம் போனான்னு எழுதினாப் போதும்." எனக்கு அது வரவில்லை. எந்த ஒருத்தன், எந்தப் பள்ளிக்கூடம், அவன் போனதைப் பார்த்தது யார் என்று கை நின்றுவிடுகிறது. அதனால் வீட்டில் கண்ணெதிரே நடப்பதையே வாக்கியமாக எழுதி வந்தேன். விழுதல் என்ற சொல்லுக்கு உன் போட்டோ ஸ்டூடியோவின் கூரை விழுந்ததை எழுதினேன். காத்திருத்தலுக்கு, அதனால் எங்கள் வீட்டுக்கு வந்த நீ குளிக்கும்போது துண்டோடு நான் குளியலறை வாசலில் நிற்பதை எழுதினேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. நீயே அதை வெட்டி எடுத்துச் சிரித்தாய். அந்தத் தைரியத்தில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது.

அன்றைய சொல் ஷெல்டர். எளிய சொல்தான், தினமும் காதில் விழுவதுதான். மழை, வெயில், ஆபத்து இவற்றிலிருந்து ஒருவரைக் காப்பது முதல் பொருள். போக்கிடம் இல்லாதவருக்கு இடம் கொடுப்பது அடுத்தது. நாமே ஓரிடத்தில் ஒதுங்கி நிற்பது மூன்றாவது. நெருங்கிய சொற்களையும் வரிசையாகக் கொடுத்தேன். லாட்ஜ் என்றால் சில நாள் தங்க வைப்பது. ஹவுஸ் என்றால் நிலையாக இருக்க இடம் தருவது, அது மேசை நாற்காலிக்கும் பொருந்தும். ஹார்பர் என்றால் பிறர் அறியாமல் மறைத்து வைப்பது, மனதுக்குள் ஒன்றை விடாமல் வைத்திருப்பதும் அதுதான். இதுவரை எல்லாம் சரி. அகராதிகள் மூன்றைப் பார்த்தேன், ஒரு பிழை இல்லை. பிழை எல்லாம் உதாரணத்தில் இருந்தது. பின்னறைப் பூனையைக் கொண்டு ஒரு வாக்கியம்: "வீட்டுக்காரருக்குத் தெரியாமல் நாங்கள் ஒரு பூனையை மறைத்து வைத்திருக்கிறோம்." வீட்டுக்காரர் பத்திரிகை வாங்குவதில்லை என்று கீழ்வீட்டில் விசாரித்துவிட்டுத்தான் எழுதினேன். அடுத்தது உன் அக்காவைப் பற்றி: "எங்கள் கல்யாணத்தன்று நான் ரயில் தடம் புரண்ட செய்திக்குப் போய்விட்டு வந்ததை என் மனைவி இன்னும் மனதில் வைத்திருக்கிறாள்." இவை இரண்டையும்கூட அவள் மன்னித்திருப்பாள் என்று நினைக்கிறேன். பத்தியின் தலையில், தடித்த எழுத்தில் வந்தது மூன்றாவது. "பத்து நாள் என்று வந்த உறவினர் ஒருவருக்கு நான்கு மாதமாக அடைக்கலம் கொடுத்திருக்கிறோம்."

நீ அதைப் படித்தபோது நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். உன் அக்கா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நீ ஒரு முறை படித்தாய், பத்திரிகையை நாலாக மடித்தாய், கோபமே இல்லாத குரலில் சொன்னாய்: "நாலு மாசம் இல்ல அத்தான். மூணு மாசம் இருபத்திரண்டு நாள்." அந்த நேரத்தில் ஒரு மனிதன் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது எனக்குப் பல வாக்கியங்கள் தோன்றுகின்றன. அன்று நான் பென்சிலை எடுத்து ஓரத்தில் குறித்துக்கொண்டு, "அப்படியா, திருத்தம் போட்டுடலாம்" என்றேன். உன் அக்கா தேநீர்ப் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். முப்பத்தைந்து வருடத்தில் அவள் எதையும் சத்தமில்லாமல் வைத்ததில்லை. அதன் அர்த்தத்தையும் அன்று நான் கவனிக்கவில்லை. அரை மணி நேரத்தில் நீ பெட்டியோடு படியிறங்கினாய். உன் குடை கதவுக்குப் பின்னால் தொங்கியது, இப்போதும் தொங்குகிறது.

திருத்தம் அடுத்த செவ்வாயன்று வந்தது. "உறவினர் தங்கியது நான்கு மாதம் அல்ல, மூன்று மாதம் இருபத்திரண்டு நாள். தவறுக்கு வருந்துகிறோம்." வருத்தம் தெரிவித்தாகிவிட்டது என்று நிம்மதியாகப் பத்திரிகையை மடித்து, உன் அக்காவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். இந்த ஒன்பது நாளில் ஆறு நாள் மழை. உன் ஸ்டூடியோவில் பாதிக் கூரைதான் போட்டிருக்கிறார்கள், மீதிக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள் என்று பக்கத்துப் புத்தகக் கடைக்காரர் சொன்னார். நீ அதன் கீழே, இருமிக்கொண்டு படுத்திருக்கிறாய் என்றும் சொன்னார். இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்தேன். உண்மை.

மாப்பிள்ளை, எழுதாமல் விட்ட ஓர் உதாரணம் இருக்கிறது. பத்திரிகையில் கதவடைப்பு நடந்து சம்பளம் நின்றுபோன அந்த ஏழு மாதம், வாடகை வீட்டை விட்டுவிட்டு நானும் உன் அக்காவும் உன் ஸ்டூடியோவுக்கு வந்தோம். பளிங்குப் படிக்கட்டும் நீரூற்றும் வரைந்த அந்த மாளிகைத் திரைக்குப் பின்னால் எங்கள் பாய், எங்கள் ஸ்டவ், என் தட்டச்சு இயந்திரம். முன்னால் புதுமணத் தம்பதி தோளோடு தோள் நிற்க, பின்னால் உன் அக்கா வெங்காயம் வதக்கினாள். அந்தப் பெண் மூக்கைச் சுளித்தபோது, "பக்கத்து வீட்டுல சமைக்கிறாங்க, நீங்க கேமராவப் பாருங்க" என்றாய். எட்டுப் பேர் கொண்ட ஒரு குடும்பப் படத்தில் ஒன்பதாவதாக என் கால் விழுந்துவிட்டது. அவர்களை மறுபடி வரவழைத்து எடுத்துக் கொடுத்தாய், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ படுத்தது படம் கழுவும் டார்க் ரூம் தரையில், மருந்துத் தொட்டிகளுக்கு நடுவே. அந்த இருமல் அங்கே வந்ததுதான். யார் இவர்கள் என்று கேட்டவர்களிடம் நீ சொன்னதை நான் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டேன்: "இது எங்க அக்கா வீடுங்க. நான்தான் இங்க கடை வச்சிருக்கேன்."

அந்தப் பத்தியை எழுதும்போது இது நினைவுக்கு வரவில்லை என்று சொல்லமாட்டேன். வந்தது. பழைய செய்தி என்று விட்டுவிட்டேன். வேலையில் எத்தனையோ தவறு செய்திருக்கிறேன், மேயர் ஒருவரின் வயதை இருபது கூட்டிப் போட்டிருக்கிறேன். எதற்கும் இப்படித் தூக்கம் கெட்டதில்லை.

உன் பின்னறை அப்படியே இருக்கிறது. படுக்கையைத் தட்டி விரித்தேன். பூனை உன் தலையணையில்தான் படுக்கிறது, என்னை உள்ளே விடுவதில்லை. நீ இருந்தவரை, மேயர் கதையை நான் எட்டாவது முறை சொன்னபோதும், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டாய். இப்போது இந்த வீட்டில் யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை. கூரை முடியும்வரை வா. முடிந்த பிறகும் இரு. நாள் எண்ணமாட்டேன். இந்த வீட்டின் கதவு உனக்கு என்றைக்கும் திறந்திருக்கும் என்பதை என் சொந்தப் பொறுப்பில் எழுதித் தருகிறேன்.

நீ நல்ல உடம்போடும், இருமல் இல்லாத மார்போடும், ஒழுகாத கூரையோடும் நெடுங்காலம் இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் வீட்டுக்காரர் மேலே வந்தார். கையில் அவர் மகளின் பள்ளி நோட்டு. என் பத்திகளையெல்லாம் அந்தப் பெண் வாராவாரம் வெட்டி ஒட்டி வைத்திருக்கிறாள். பத்திரிகை பள்ளியில் வாங்குகிறார்களாம். இதை நான் விசாரிக்கவில்லை. வீடு இரண்டு பேருக்கு, பிராணிகள் கூடாது என்பது ஒப்பந்தம். "பூனைய நானாப் பாத்திருந்தா கண்டுக்காம விட்டிருப்பேன் சார். அச்சுல வந்துடுச்சே" என்றார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். ஆகவே மேலே உன்னை வரச்சொல்லி எழுதியதை ரத்து செய்கிறேன். அவர் போன பிறகு உன் அக்கா பேசினாள். "எந்தம்பிகிட்ட அந்த மாளிகைத் திரை இன்னும் இருக்கான்னு கேட்டு எழுதுங்க" என்றாள். கேட்டுவிட்டேன். வருவது நாங்கள் இரண்டு பேர், பூனை ஒன்று. எண்ணிக்கையை இரண்டு முறை சரிபார்த்தேன். குடையைக் கொண்டுவருகிறேன்.