கருவிக்குள் அடங்காத மாமா

கட்டுக்கலை, கண்டி.
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு மைத்துனன் கணேசுக்கு,

அத்தான் சேதுராமன் எழுதுவது. நானும் உன் அக்கா இராஜகுமாரியும் சுகமாக இருக்கிறோம். நீயும் உன் மனைவியும் பச்சைக்குழந்தையும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க, இந்த மழையில் நனைந்தபடி வேண்டிக்கொள்கிறோம். உன் அப்பாவின், என் மாமாவின், சுகத்தைப் பற்றி ஒரு வரியில் எழுத முடியாது என்பதால்தான் இந்தக் கடிதம். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாமே என்று கேட்பாய். வாட்ஸ்அப்பில் நான் நீளமாக எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். கட்டைவிரலுக்காக எழுதும் வயது எனக்குப் போய்விட்டது. எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருவர் அடுத்த மாதம் டொராண்டோவில் இருக்கும் மகளிடம் போகிறார். அவர் கையில் இந்தக் கடிதத்தையும் ஒரு மெமரி கார்டையும் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் நீ அனுப்பிய ஒலிப்பதிவுக் கருவி. கையளவு சாமான், பார்க்க அழகு. ஆனால் பெட்டி பாரமாக இருக்கும் என்று பெட்டியோடு சேர்த்து அதன் விளக்கப் புத்தகத்தையும் எறிந்துவிட்டு வெறும் கருவியை அனுப்பிய புத்தி உனக்கு மட்டும்தான் வரும். போகும்போது இரவலாக வாங்கிப்போன என் நல்ல சூட்கேஸை நீ இன்னும் திருப்பித் தரவில்லை என்பதையும் இந்த இடத்தில் நினைவூட்டுகிறேன். அது கிடக்கட்டும். மாமாவின் குரல்வளையை எடுத்துத்தான் ஆகவேண்டும் என்று டொக்டர் சொன்ன அன்று நீ போனில் அழுதுகொண்டே என்ன கேட்டாய்? "ஆப்பரேஷனுக்கு முந்தி அப்பா கொரல நல்லபடியா பதிஞ்சு அனுப்புங்க அத்தான், எம் மக கேக்கணும், என்னையும் ஒரு தடவ கூப்பிடச் சொல்லுங்க" என்றாய். வர முடியாதபடி உன் குடிவரவுக் கடதாசிகள் அங்கே சிக்கிக் கிடக்கின்றன என்பது எனக்குத் தெரியும். அதற்காக மட்டும் உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. மற்றவற்றுக்கு இருக்கிறது.

உன் அப்பாவின் குரலைப் பற்றி உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஹேவாஹெட்டையில் தேயிலைப் பெக்டரிக்குள் கொழுந்து சுருட்டும் ரோலர்களின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய மனிதர். ரோலரை விட்டு வந்து எவ்வளவு காலமோ ஆகிவிட்டது, அவருக்கு மட்டும் அது இன்னும் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. உப்புக் கேட்டாலும் சங்கு ஊதின மாதிரிதான் கேட்பார். என் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரரின் மைக்கைப் பிடுங்கி, "மாப்புளக்கி இன்னும் வேல நிரந்தரமாகல, ஆனா ஆயிரும்!" என்று மண்டபத்துக்கே அறிவித்தவர். கல்யாண வீடியோவில் அந்த இடம் மட்டும் தகரத்தைக் கிழிப்பதுபோல் இருக்கும். கிழிந்தும் ஒரு சொல் தவறாமல் விளங்கும். நோய் வந்து குரல் கரகரத்துப் பாதியாகிவிட்டது என்று டொக்டர் சொன்னார். அவருடைய பாதி நம்முடைய இரண்டு மடங்கு.

முதல் நாள் கருவியை மேசைமேல் வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னா மாப்புள, எஞ் சத்தத்துக்கு பயந்து காதுக்கு மூடி போட்டுக்கிட்டீங்களா?" என்றார். நான் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் அதற்கும் ஒரு சத்தம் வந்திருக்கும். அடுத்த கணம் கருவியைக் கையில் எடுத்து, இரண்டு தட்டுத் தட்டி, 'ப்பூ' என்று ஊதி, வாயோடு ஒட்டவைத்து, "கணேசூ! டேய் கணேசூ! சோறு ஆறுது, வாடா!" என்று, தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து எதிர்மலைத் திடலில் விளையாடும் உன்னைக் கூப்பிட்ட அதே கூப்பாட்டைப் போட்டார். கருவியில் சத்தம் மிஞ்சினால் எரியும் சிவப்பு விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா குடையோடு ஓடிவந்து யாருக்கு என்ன என்று கேட்டுவிட்டுப் போனார்.

திருப்பிப் போட்டுக் கேட்டால் ஒரே கிழிசல். அது தொண்டையின் கரகரப்போ என்று பயந்தேன். உன் அக்கா சமையலறைக்குள் போய்விட்டாள். பிறகு நானே பேசிப் பதிந்து பார்த்தேன். என் குரல் சுத்தமாக இருந்தது, வழக்கம்போல் யாரும் கவனிக்காத அளவில். அப்போதுதான் விளங்கியது, நோயின் கரகரப்பு வேறு, கருவியின் கிழிசல் வேறு. கணேஸ், இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கருவிக்குத் தாங்கும் சத்தத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்கு மேலே வருவதை அது சுருக்கி ஏற்றுக்கொள்ளாது, தலையை வெட்டிவிடும். பிறகு நீ எவ்வளவு குறைத்துவைத்துக் கேட்டாலும் வெட்டிய தலை முளைக்காது. மெதுவாகக் கிழியும், அவ்வளவுதான். பதியும்போதே தடுத்தால் உண்டு. எங்கள் பள்ளிக்கூடத்து உப அதிபர் பதவி விஷயத்தில் என் தலைக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான். அந்தப் பதவியில் இப்போது இருப்பவரின் பெயரை எழுதி இந்தக் காகிதத்தைக் கெடுக்க மாட்டேன்.

அடுத்த நாள் பதிவு அளவைக் குறைத்தேன். மாமாவிடம், "மாமா, முதல்ல ஒரு டெஸ்ட். ஒங்களால எவ்வளவு சத்தமா முடியுமோ அவ்வளவு சத்தமா ஒரு தடவ கூப்பிடுங்க, அதுக்குத் தோதா நான் அளவ வச்சிக்கிறேன்" என்றேன். பிறந்தது முதல் சத்தம் போட்டே வாழ்ந்த மனிதர் அன்றைக்கு, "டெஸ்டுக்கு எதுக்குங்க வீணா கத்தணும்?" என்று பூனைக்குட்டி மாதிரி "கணேசு" என்றார். நானும் அறிவுகெட்டு அதற்கேற்ப அளவைக் கூட்டினேன். பதியத் தொடங்கியதும் எதிர்மலைக்கே கேட்கும் அந்தக் கூப்பாடு வந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு நான் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். பேராதெனிய வீதியில் பஸ்காரர்கள் ஹோன் அடித்துக்கொண்டு போனது தாலாட்டு மாதிரி இருந்தது.

பிறகு அளவைக் கண்டபடி குறைத்தேன். சிவப்பு விளக்கு அடங்கியது, சத்தத்தின் அளவைக் காட்டும் முள் பாதியைக்கூடத் தாண்டவில்லை, ஆனால் குரல் அப்போதும் கிழிந்தே வந்தது. இரண்டு நாள் இதற்குக் காரணம் பிடிபடவில்லை. புனலின் வாயில் தண்ணீர் பொங்கிச் சிந்தும்போது, கீழே இருக்கும் போத்தலை மாற்றி என்ன பிரயோசனம்? அளவுத் திருகு கீழே இருக்கும் போத்தல். சத்தம் நுழையும் வாயிலேயே நிரம்பி வழிந்துவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கருவியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால், முதுகில் அரிசிமணி அளவில் ஒரு சுவிட்ச், மைக்கின் கூர்மையைக் கூட்டவும் குறைக்கவும். யாரோ அதைக் கூட்டியே வைத்திருந்தார்கள். யார் என்று கேட்கமாட்டேன். நீதான். அதைக் குறைத்தேன். சத்தத்துக்குத் தக்கபடி தானாகவே ஏற்றி இறக்கும் வசதியையும் நிறுத்தினேன், இல்லாவிட்டால் மாமா மூச்சு வாங்கும் இடைவெளியில் அது வீதி லொறியைத் தேடிப்பிடித்துப் பெரிதாக்குகிறது. கருவியை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில், எட்டத்தில் வைக்கவேண்டும் என்றும் முடிவெடுத்து, அலுமாரியின் மேல் வைத்தேன்.

அதுதான் நான் செய்த பெரிய பிழை. கருவி எட்டப்போனதைப் பார்த்ததும் மாமா கதிரையை விட்டு எழுந்து நின்றார், இடுப்பில் கைவைத்தார், இன்னும் பலமாகக் கூப்பிட்டார்.

"மாமா, மெதுவா. அதுக்குக் காது கூர்மை."

"தள்ளி வச்சா சத்தமா பேசுறதா, மெதுவா பேசுறதா? இது என்னா படிப்பு மாப்புள?"

"கிட்ட வச்சாலும் சத்தமாத்தான பேசினீங்க?"

"கனடா என்ன கிட்டயா இருக்கு?"

"கனடாவுக்கு இந்த கார்டு போகும், மாமா. சத்தம் அதுக்குள்ள இருக்கும்."

"கார்டு போகட்டும். கடல் தாண்டி எம்புட்டு தூரம். போறதுக்குள்ள பாதி அடங்கிறாதா? அவன் காதுல போயி விழுகையில அளவா விழ வேணாமா?"

பௌதிகத்தில் பட்டம் பெற்ற நான் கருவியை அலுமாரியிலிருந்து இறக்கினேன். உன் அக்கா வாசலில் நின்று, "ஏங்க, தம்பி அத அனுப்பினது நீங்க ரெண்டு பேரும் சண்ட போடவா? வெள்ளிக்கெழம ஆப்பரேஷன்" என்றாள். அவள் அதை அழாமல் சொன்னாள். அதனால்தான் எங்கள் இருவராலும் தாங்க முடியவில்லை. மாமா உட்கார்ந்துவிட்டார். இந்த வீட்டில் அவர் இருந்தும் சத்தமில்லாமல் போனது அதுதான் முதல் தடவை. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை, ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் காலை. பை கட்டியாயிற்று. கடைசியாக ஒரு தடவை முயலலாம் என்று கருவியை மேசையில், அவருக்குச் சற்றுப் பக்கவாட்டில் வைத்தேன். அவர் கூப்பிட வாயைத் திறந்தார். உன் அக்கா பாய்ந்து வந்து தன் கையால் அவர் வாயைப் பொத்தினாள்.

"அப்பா! இங்கதான் காலைல. அங்க இப்ப நடுச்சாமம். பேத்தி தூங்குது!"

மாமாவின் கண்கள் விரிந்தன. கருவியைப் பார்த்தார், தொட்டிலை எட்டிப் பார்ப்பது மாதிரி. "ஐயோ, தூங்குதா?" என்றார். கணேஸ், அதை அவர் குசுகுசுவென்று சொன்னார். முள் அசையவில்லை. நான் அளவைக் கூட்டி, வரம்புக்குக் கீழே நல்ல இடைவெளி விட்டு நிறுத்தினேன். அவர் பேசத் தொடங்கினார்.

என்ன பேசினார் என்பதை நீயே கேட்டுக்கொள். ஒன்றை மட்டும் சொல்கிறேன், சொல்லாவிட்டால் நான் கேட்கவில்லை என்று நினைப்பாய். உன் மகளிடம் உன்னைப் பற்றிக் கோள் சொல்லி முடித்து, உன் அக்காவைப் பற்றிச் சொல்லி முடித்து, பிறகு இப்படிச் சொன்னார்: "இங்க ஒனக்கு ஒரு மாமா இருக்காரு தங்கம். ரொம்ப படிச்சவரு. எதுக்கெடுத்தாலும் மொகத்த தூக்கி வச்சிக்குவாரு. தொண்ட வலின்னு நா யாருகிட்டயும் சொல்லல. அவருதான் பாத்து கண்டுபுடிச்சி, வேலைக்கி லீவு போட்டு, எங் கையப் புடிச்சி ஆஸ்பத்திரிக்கி இழுத்துட்டு போனாரு. ஒங்கப்பன் இல்லாத கொறைய நமக்கு வைக்கல. நல்ல மனுசன். அவருகிட்ட சொல்லிறாத, என்னா?"

நான் ஒரு முழம் தூரத்தில் இருந்தேன். என் ஹெட்போனைக் காதுக்கு மூடி என்றே அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருந்தார். நான் முள்ளையே பார்த்தேன். எதையும் கேட்காத முகத்தோடு இருந்தேன், அந்த முகம் என்னிடம் எப்போதும் உண்டு. அந்தப் பதிவில் ஓர் இடத்திலும் கிழிசல் இல்லை.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். கார்டில் அந்தச் சுத்தமான பதிவு ஒன்றுதான் இருக்கும். கிழிந்த கூப்பாடுகளை எல்லாம் ஒதுக்கிவிட்டேன், அவற்றை நீ கேட்கவேண்டாம். நல்ல ஹெட்போனில், அளவாக வைத்து, அமைதியான இடத்தில் இருந்து கேள். உன் மனைவிக்கு எங்கள் அன்பு. குழந்தைக்கு அத்தையின் முத்தம், மாமாவாகிய என் ஆசி. கதிர்காமத்து முருகன் உன் கடதாசிகளைச் சீக்கிரம் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.

அன்புடன்,
அத்தான் சேதுராமன்

பி.கு.: இது இரண்டு வாரம் கழித்து எழுதுவது. மேலே உள்ளதை உறையில் போட்டு ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. மாமா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். கழுத்தில் கட்டு, கையில் சிலேட். உனக்கு அனுப்பப்போவதைக் கேட்கவேண்டும் என்று எழுதிக் காட்டினார். சுத்தமான பதிவைப் போட்டேன். என்னைப் பற்றிய இடத்தில் நானும் அவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முடிந்ததும் தலையை ஆட்டினார், இல்லை என்று. சிலேட்டில், "இது பேத்திக்கு. கணேசுக்கு எங்க?" என்று எழுதினார். ஒதுக்கி வைத்ததில் முதல் நாள் கூப்பாட்டைப் போட்டேன். ஸ்பீக்கர் தகரமாகக் கிழிந்தது. மாமா தொடையில் தட்டிச் சிரித்தார், சத்தமே வராமல், தோள் குலுங்க. பேச்சியம்மா குடை இல்லாமலே ஓடிவந்து, "ஐயாவுக்கு கொரல் வந்திருச்சா?" என்று வாசலில் நின்று அழுதார். நான் இது கிழிந்த பதிவு, அனுப்பக்கூடாதது என்று காரணத்தோடு விளக்கத் தொடங்கினேன். மாமா சிலேட்டைத் துடைத்து எழுதி என் முகத்துக்கு நேரே நீட்டினார்: "அவன நா எப்ப மெதுவா கூப்புட்டேன்? வேற ஆளுன்னு நெனப்பான்."

ஆகவே கணேஸ், உச்சவரம்பு, சுவிட்ச், முள், புனல் என்று மேலே எழுதிய எல்லாவற்றையும் விட்டுவிடு. கார்டில் முதலில் இருப்பது கூப்பாடு, மற்றது குழந்தை தூங்கும்போது கேட்க. ஹெட்போன் வேண்டாம். உன்னிடம் இருக்கிற பெரிய ஸ்பீக்கரில் முழுதாகக் கூட்டி வை. கிழியும், கிழியட்டும். கேட்டு முடித்ததும் "இந்தா வாறேன்ப்பா!" என்று அந்தக் காலத்தில் திடலிலிருந்து பதிலுக்குக் கத்துவாயாமே, அதைக் கத்திப் பதிந்து அனுப்பு. அவர் இப்போதே கதிரையை ஸ்பீக்கர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு இருக்கிறார். எந்த அளவில் வைத்துப் பதிவதென்று நான் சொல்லமாட்டேன். கனடா கிட்டவா இருக்கிறது?