பத்து நிமிஷ ஃபோல்டர்

"போச்சு! ஹவுரா மறுபடி போச்சு!" என்று மாடிப்படியிலிருந்தே கத்திக்கொண்டு இறங்கினாள் தீப்தி.

அமலா கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பது. காலையிலிருந்து இது ஐந்தாவது முறை.

கார்டன் ரீச்சில் இருந்த அந்தக் கம்பெனியின் நெட்வொர்க் முழுக்க அமலாவின் பொறுப்பு. மாடியில் தீப்தி வரைபடங்களைத் திருத்தி, பொது ஃபோல்டரில் போடுவாள். ஆற்றுக்கு அக்கரையில், ஹவுரா பக்கம் நாசிர்கஞ்சில் இருக்கும் பட்டறை மெஷின் அதை எடுத்துத் தகடு வெட்டும். நடுவில் இரண்டு ரவுட்டர், ஒரு ஃபயர்வால். ஒரு மாதமாக அந்த ஃபோல்டர் அக்கரையில் பத்து நிமிஷம் திறந்திருக்கும், பிறகு அறுந்துவிடும்.

பொது மேலாளர் மஹாதேவன் வந்து அவள் மேஜையில் கையூன்றி நின்றார்.

"அமலா, படகுத்துறைக்கு அறுபது கைப்பிடித் தகடு இன்னிக்குப் போயாகணும். மூணு மணிக்கு ஆத்துல ஏறின கடல் தண்ணி வடிய ஆரம்பிக்கும். அதோட பட்டறைத் துறையிலிருந்து சரக்கு பார்ஜ் கிளம்பிடும். நமக்காக நிக்காது."

"தெரியும் சார். பார்த்துக்கிட்டே இருக்கேன்."

"ஒரு மாசமாப் பார்க்கறியேம்மா. இன்னிக்குத் தகடு ஏறலைன்னா திங்கட்கிழமையிலிருந்து நெட்வொர்க்கை வெளியாளுக்குக் கொடுத்துடச் சொல்லி மேலிடத்துல சொல்லிட்டாங்க."

அவர் போன பிறகும் அமலாவின் காதில் அந்தத் 'திங்கட்கிழமை' ஒலித்துக்கொண்டிருந்தது. கணவனுக்குத் துறைமுகத்தில் மாற்றலாகி இந்த ஊருக்கு வந்து, எட்டு மாதம் அலைந்து கிடைத்த வேலை இது.

பட்டறையின் மேற்பார்வையாளர் செல்வராணியைக் கூப்பிட்டாள். செல்வராணி ஹவுராவிலேயே பிறந்து வளர்ந்தவர். வயதில் மூத்தவர் என்றாலும் ஆபீஸ் ஆட்களை அக்கா, அண்ணா என்பதுபோல் தீதி, தாதா என்றுதான் அழைப்பார்.

"அக்கா, அங்க ரவுட்டர்ல லைட் எரியுதா?"

"எரியுதே தீதி. பச்சையா எரியுது."

"இப்போதானே அறுந்துச்சு?"

"அப்படியா? இங்க ஒண்ணும் தெரியலையே."

அமலா யோசித்தாள். பேச்சில்லாத இணைப்புகளை ஃபயர்வால் தானே வெட்டிவிடுகிறதோ? அந்த நேர வரம்பை நீட்டி, சேமிக்கும் பட்டனை அழுத்தினாள்.

அழுத்திய வேகத்தில் ஃபயர்வால் எல்லா இணைப்புகளையும் ஒருமுறை உதறிப்போட்டது. அடுத்த அறையிலிருந்து மஹாதேவனின் குரல் வந்தது.

"ஹலோ... ஹலோ சார்... கேக்கறதா? அமலா! டெல்லிக்காரரோட பேசிக்கிட்டிருந்தேன், பாதி வாக்கியத்துல மனுஷன் காணாமப் போயிட்டார்!"

"ரெண்டே நிமிஷம் சார்!"

இரண்டு நிமிஷத்தில் டெல்லி வந்தது. ஹவுராவும் வந்தது. பதினோராவது நிமிஷத்தில் ஹவுரா போனது.

சரி, கோளாறு ரவுட்டரில்தான் என்று தீர்மானித்து அதை அணைத்துப் போட்டாள். எழுந்து வந்த ரவுட்டர் மாடியிலிருந்த கணினிகளுக்கெல்லாம் புது முகவரி கொடுத்தது. ஃபயர்வாலுக்கு அந்த முகவரிகள் அந்நியம். எல்லாரையும் வாசலிலேயே நிறுத்திவிட்டது.

தீப்தி மறுபடி இறங்கி வந்தாள். "அமலா தீதி, இப்போ எனக்கே ஃபோல்டர் ஓப்பன் ஆகல! பதிமூணாவது திருத்தத்தை எங்க சேவ் பண்றது?"

"உன் கம்ப்யூட்டர்லயே வெச்சுக்கோ. தொடாதே. யாரும் எதையும் தொடாதீங்க!"

மணி பதினொன்றரை. ஒரே வழிதான் இருந்தது: எல்லாம் ஒழுங்காக ஓடிய காலத்தில் எடுத்து வைத்த பழைய அமைப்பை அப்படியே ரவுட்டரில் ஏற்றிவிடுவது.

ஏற்றினாள். பாதி ஏறும்போதுதான் அந்தக் கோப்பின் தேதி கண்ணில் பட்டது. போன வருஷத்தது. அப்போது நாசிர்கஞ்சில் பட்டறையே இல்லை.

ரவுட்டரில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. டெல்லி இல்லை, மாடி இல்லை, ஹவுரா என்று ஒரு ஊர் இருப்பதே அந்தப் பெட்டிக்கு மறந்துவிட்டது.

அதனுடன் ஒன்றரை மணி வரை மல்லுக்கட்டினாள். செல்வராணி ஃபோனை எடுக்கவில்லை. மஹாதேவன் இப்போது கத்தவில்லை. வாசலில் வந்து நின்று பார்த்தார். திரும்பிப் போனார். கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அமலாவுக்கு.

"தீப்தி! கடைசி வரைபடத்தைப் பென் டிரைவ்ல போட்டுக் கொடு. நானே எடுத்துட்டுப் போறேன்."

"இது பதினாலாவது. ஓட்டையை அஞ்சு மில்லி அந்தப் பக்கம், இந்தப் பக்கம்னு நகர்த்திப் பார்த்தோம். கடைசில முதல் வரைபடத்துல இருந்த இடமே சரின்னு சார் சொல்லிட்டார்."

அமலா அதைக் காதில் வாங்கவில்லை. ஆட்டோ பிடித்து மேட்டியாபுருஸ் படித்துறைக்குப் போனாள். ஃபெர்ரி ஆட்கள் சேரும்வரை நின்றது. சைக்கிள்கள் ஏறின, மூட்டைகள் ஏறின. நகர்ந்தபோது மணி இரண்டு நாற்பது.

நடு ஆற்றில் எதிரே பார்த்தாள். நாசிர்கஞ்ச் துறையிலிருந்து பார்ஜ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க! தாதா, தாமுன்! தாமுன்!" என்று இருந்த இடத்திலிருந்தே கையை ஆட்டினாள். பார்ஜிலிருந்து ஒருவர் பதிலுக்குச் சந்தோஷமாகக் கையாட்டினார்.

பட்டறைக்குள் அவள் ஓடி நுழைந்தபோது மெஷின் அமைதியாக இருந்தது. செல்வராணி ஸ்டூலில் உட்கார்ந்து நிதானமாகப் பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்; கூடவே பச்சை மிளகாய் கடித்த காரத்தில் அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"அக்கா, பார்ஜ் போயிடுச்சே!"

"ஆமா, ரைட் டைமுக்குப் போச்சு."

"தகடு?"

"அதுலதான் போகுது. அறுபதும்."

"எந்த வரைபடத்தை வெச்சு வெட்டினீங்க?"

"முதல்ல வந்ததை வெச்சுத்தான். எப்பவும் கடைசில அதுலயேதான் வந்து நிப்பாங்க."

பென் டிரைவைப் பிடித்த கை தானாக இறங்கியது. அப்போது ஃபோன் அடித்தது. மஹாதேவன்.

"அமலா! பார்ஜ்காரன் பேசினான். அறுபதும் ஏறிடுச்சாம். கெட்டிக்காரிம்மா நீ! திங்கட்கிழமைப் பேச்சையெல்லாம் மறந்துடு. ஆமா, அந்த நெட்டை எப்படித்தான் சரி பண்ணினே?"

அமலா ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு செல்வராணியைப் பார்த்தாள். "அக்கா, இங்க என்னதான் நடந்துச்சு?"

செல்வராணி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"ஃபோல்டர் திறந்திருந்தா புதுத் திருத்தம் வந்து மெஷின் பாதியில நின்னுடுது தீதி, அதான் ஒரு மாசமா பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் நானே யாருக்கும் தெரியாம மெஷினோட நெட் வயரை உருவி உருவி மாட்டிக்கிட்டிருந்தேன், இன்னிக்கு நீங்களே மொத்தமா உருவிட்டீங்க, வேலை ஒரு மணிக்கே முடிஞ்சுடுச்சு!"