ஈஸ்வரபாண்டி சாரின் நம்பர் ஒன்

நோட்டீஸ் அச்சாகி வந்த மறுநாள் காலை ஆறரை மணிக்கே முஜிபுர் ரஹ்மானின் போன் அடித்தது. தேனியிலிருந்து டி.எஸ்.பி. சுருளிராஜன்.

“ஏலே முஜீபு, நோட்டீஸ் பாத்தேன். நல்லாத்தான் போட்டிருக்க. ஒரே ஒரு தப்பு மட்டும் வந்திருச்சு.”

“சொல்லுங்கண்ணே. பிழை இருக்கக் கூடாதுன்னு ரெண்டு தடவை படிச்சனே.”

“‘பேராசிரியரின் தலைசிறந்த மாணவர்’னு போட்டு, என் பேரு வரவேண்டிய எடத்துல உன் பேரு வந்திருச்சு.”

முஜிபுர் ரஹ்மான் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

உத்தமபாளையம் பக்கத்துக் கல்லூரியில் முப்பத்தோரு வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்த ஈஸ்வரபாண்டி சார் போன மாதம் எழுபத்தெட்டு வயதில் காலமானார். ஞாயிற்றுக்கிழமை கல்லூரி அரங்கில் நினைவுக் கூட்டம். நோட்டீஸ் பொறுப்பைப் பழைய மாணவர்கள் முஜிபுர் ரஹ்மானிடம் கொடுத்திருந்தார்கள். கம்பத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர். தமிழில் தப்பில்லாமல் எழுதுவார் என்ற நம்பிக்கை.

அந்த ஒரு வரியை அவர் கர்வத்தில் போடவில்லை. அது நடந்த விஷயம். முதல் வருஷ முடிவில் அவர் கல்லூரியை விட்டு நின்று, அத்தாவின் இரும்புக்கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். காரணம் கேட்டவர்களிடம் ‘குடும்பச் சூழ்நிலை’ என்று சொல்லிவந்தார். ஒரு சாயங்காலம் குடையும் கையுமாக ஈஸ்வரபாண்டி சார் கடைக்கு வந்தார். டீ குடித்தார். அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “என் சர்வீஸ்ல இப்படி ஒரு பையனைப் பார்த்ததில்லைங்க. இவன்தான் என்னோட நம்பர் ஒன். வெளியில சொல்லிடாதீங்க. மத்த பிள்ளைங்க மனசு கஷ்டப்படும்.”

இருபத்தொன்பது வருஷம் முஜிபுர் ரஹ்மான் அதை வெளியில் சொல்லவில்லை. சார் போன பிறகு ஒரே ஒரு வரியில் சொன்னார். அதற்குள் டி.எஸ்.பி. போன்.

“அண்ணே, உங்களுக்கும் அப்படிச் சொன்னாகளா?”

“உனக்கும்னு கேளு. நான் உனக்கு ரெண்டு வருஷம் சீனியர்.”

சண்டை வேண்டாம் என்று முஜிபுர் ரஹ்மான் அச்சகத்துக்கு ஓடினார். ‘தலைசிறந்த மாணவர்கள் இருவர்’ என்று ஸ்டிக்கர் அடித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, மனைவி நசீமாவோடு உட்கார்ந்து ஐநூறு நோட்டீஸிலும் ஒட்டினார்.

“உங்க சாரு இருந்த வரைக்கும் எனக்கு இப்படி ஒரு வேலை வச்சதில்ல” என்றாள் நசீமா, விரலில் ஒட்டிய பசையைத் தேய்த்துக்கொண்டே.

ஸ்டிக்கர் ஒட்டிய நோட்டீஸைப் படம் எடுத்துப் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஐந்து நிமிஷத்தில் பெரியகுளத்திலிருந்து பாஜிலா கூப்பிட்டாள். அங்கே ஒரு வங்கியில் மேனேஜர்.

“முஜீபண்ணே, நான் பெருமைக்குச் சொல்லல. ஆனா எங்க வீட்டுக்கு வந்து, எங்க அத்தாகிட்ட சார் சொன்னதை நான் கதவுக்குப் பின்னாடி நின்னு என் காதால கேட்டேன்.”

முஜிபுர் ரஹ்மான் போனை மறு காதுக்கு மாற்றினார். “சொல்லிட்டு, வெளியில சொல்லிடாதீங்கன்னாகளா?”

“ஆமாண்ணே.”

“மத்த பிள்ளைங்க மனசு கஷ்டப்படும்னாகளா?”

“ஆமாண்ணே! அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

முஜிபுர் ரஹ்மான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்ட முடியாது என்று நசீமா கறாராகச் சொல்லிவிட்டாள். அதனால் அவர் ஒரு யோசனை செய்தார். முதலிலேயே எத்தனை பேர் என்று தெரிந்துகொண்டால் பிரச்சினை முடிந்தது. குழுவில் மிகக் கவனமாக ஒரு செய்தி போட்டார்: ‘பேராசிரியர் அவர்களால், தனிப்பட்ட முறையில், நம்பர் ஒன் மாணவர் என்று சொல்லப்பட்டவர்கள் இருந்தால் மட்டும் பெயரைப் பதிவிடவும்.’

மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர் என்று கணக்குப் போட்டார். மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது நாற்பத்தோரு பேர்.

குமுளியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் பிச்சைமணி குரல் பதிவு அனுப்பியிருந்தார். “தம்பி, நான் எம்பத்தேழுலயே நம்பர் ஒன்னு. நீங்கள்லாம் அப்ப டவுசர் போட்டுக்கிட்டுத் திரிஞ்சிருப்பீக. நமக்கு வழக்கு ஒண்ணும் வேண்டா, கேட்டோ? ஆனா பேரு மொதல்ல வரணும்.” துபாயிலிருந்து ஒருவர், சாட்சிக்கு எண்பத்து மூன்று வயது அப்பாவையே வீடியோவில் உட்கார வைத்துவிட்டார். பெரியவர் கேமராவைப் பார்த்துக் கும்பிட்டு, “சாரு சொன்னது சத்தியம்யா, நாந்தான் காபி போட்டுக் குடுத்தேன்” என்றார்.

சாயங்காலம் சுருளிராஜன் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை குரலில் போலீஸ் இல்லை.

“முஜீபு, அப்ப சாரு எல்லாருகிட்டயும் பொய்யா சொல்லிருக்காக?”

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் முஜிபுர் ரஹ்மான் பி.எட். முடித்தார். ஆசிரியர் தேர்வில் இரண்டு முறை தவறியபோது, ஈஸ்வரபாண்டி சாரே நம்பர் ஒன் என்று சொன்ன ஆள் மூன்றாவது முறை எழுதாமல் விடலாமா என்று கேட்டுக்கொண்டுதான் எழுதினார். வகுப்பில் ஒரு பையன் திருதிருவென்று விழித்தால், கோபம் வரும்போதெல்லாம், நம்பர் ஒன் மாணவன் கத்தக் கூடாது என்று குரலை இறக்கிக்கொள்வார். இப்போது அடியில் இருந்த பலகையை யாரோ உருவியது போல இருந்தது.

மறுநாள் பள்ளி விட்டதும் பைக்கை எடுத்துக்கொண்டு அனுமந்தன்பட்டிக்குப் போனார். சாரின் மனைவி ஜோதிலட்சுமி அம்மா கூடத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, சார் மனசுல நெசமா யாரு முதல் மாணவருன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா, எல்லாரும் கட்டுப்பட்டுருவோம்.”

“எனக்கு அதெல்லாம் என்னப்பா தெரியும்? காலேஜு விட்டா அவுக நேரா வீட்டுக்கா வந்தாக? ஏதாச்சும் ஒரு பஸ்ஸு ஏறி எங்கனயாவது போயிருவாக. கேட்டா, ஒரு பிள்ளை வீட்டுக்குப் போனேன்னுவாக. அந்த அலமாரியில பச்சை நோட்டு ஒண்ணு கெடக்கு பாரு. அதுல எழுதி வைப்பாக.”

நோட்டைத் திறந்ததும் முஜிபுர் ரஹ்மான் நின்ற இடத்திலேயே நின்றார். சாரின் சின்னச் சின்னக் கையெழுத்தில் பெயர், ஊர், போகிற பஸ், வீட்டில் யாரிடம் பேச வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்.

‘நாகஜோதி, ஜெயமங்கலம். அப்பா கோபக்காரர். பெரியப்பாவிடம் பேசினால் நடக்கும்.’

‘சுருளிராஜன். வீட்டில் இல்லை. கேரளாவில் செங்கல் சூளை. முகவரி வாங்கியாயிற்று. சனிக்கிழமை போக வேண்டும்.’

‘பிச்சைமணி. மூன்றாம் தடவை. நாய் துரத்தியது. சம்மதித்தார்கள்.’

பக்கங்களைப் புரட்டித் தன் பெயரைத் தேடினார். இருந்தது.

‘முஜிபுர் ரஹ்மான், கம்பம், இரும்புக்கடை. முதல் தடவை, அத்தா முடியாது என்றார். இரண்டாம் தடவை, கடையில் கூட்டம், பேசவில்லை. மூன்றாம் தடவை, இம்முறையும் பையன் இல்லாத நேரம் போனேன், யோசிக்கிறேன் என்றார். நான்காம் தடவை, சம்மதம். டீ நன்றாக இருந்தது.’

நான்கு தடவை. அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு தடவை. அத்தா சாகும்வரை சொல்லவில்லை. சாரும் சொல்லவில்லை. முஜிபுர் ரஹ்மான் நோட்டை மூடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஜோதிலட்சுமி அம்மாவுக்கு முகம் தெரியாதபடி திரும்பி நின்றார்.

“என்னப்பா, உன் பேரு இருக்கா?”

“இருக்கும்மா.”

“அப்புறம் என்ன? மொச்சைக் குழம்பு வைக்கப் போறேன். சாப்பிட்டுப் போ.”

வீட்டுக்கு வந்ததும் முடிவு செய்துவிட்டார். நோட்டில் பெயர் உள்ள எல்லோரும் மேடையில்.

ஞாயிற்றுக்கிழமை நோட்டில் இருந்தவர்களில் எண்பத்தாறு பேர் வந்தார்கள். மேடையில் இருந்த நாற்காலிகளைக் கீழே இறக்கி, ஜமுக்காளம் விரித்து, எல்லோரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பிச்சைமணியின் முழங்கால் டி.எஸ்.பி.யின் முதுகில் இடித்தது. டி.எஸ்.பி. சற்று முன்னால் நகர்ந்துகொண்டார். கீழே முந்நூறு நாற்காலிகள். அவற்றில் ஜோதிலட்சுமி அம்மா, நசீமா, மைக் செட்காரர், டீ போடுகிறவர், மூன்றாவது வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண். கூட்டம் மேடையிலும் மேடை கீழேயும் இருந்தது போலத் தோன்றியது.

ஒவ்வொருவராகப் பேசினார்கள்.

“குடும்பச் சூழ்நிலை காரணமா நான் அப்ப காலேஜை விட்டு நின்னுட்டேன்” என்று ஆரம்பித்தார் சுருளிராஜன். “சூளையில கல்லு அறுத்துக்கிட்டு இருக்கேன். எதிர்ல குடையோட சாரு நிக்கிறாக. மலையாளத்துல மேஸ்திரிகிட்டக் கெஞ்சிக்கிட்டு இருக்காக. அவுகளுக்கு மலையாளம் தெரியாதுன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது.”

மேடை சிரித்தது. சுருளிராஜன் சிரிக்கவில்லை. கைக்குட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“குடும்பச் சூழ்நிலைதான் எனக்கும்” என்றாள் பாஜிலா. “மாப்பிள்ளை பாத்து, நிக்காஹ் தேதி குறிச்சாச்சு. சார் வந்து எங்க அத்தாகிட்ட அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாக. அத்தா மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் விட்டாக. என் நம்பர் ஒன் பிள்ளை படிக்கணும்னு சொல்லி அனுப்பினாக. ‘என் நம்பர் ஒன்’னு. சாரோட வார்த்தையை அத்தா தன்னோட வார்த்தையா ஆக்கிக்கிட்டாக.”

பிச்சைமணிக்கும் குடும்பச் சூழ்நிலை. நாகஜோதிக்கும் குடும்பச் சூழ்நிலை. முஜிபுர் ரஹ்மான் எழுந்து, நோட்டில் இருந்த தன் பக்கத்தை மட்டும் படித்தார். ‘டீ நன்றாக இருந்தது’ என்ற இடத்தில் நிறுத்தி, நோட்டை மூடினார். எண்பத்தாறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். முப்பத்தோரு வருஷம் ஒரு மனுஷன் சாயங்காலங்களையெல்லாம் பஸ்ஸில் செலவழித்திருக்கிறார் என்பதை அத்தனை பேரும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டார்கள். முதல் பேர் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

அப்போதுதான் சுருளிராஜன் கீழே பார்த்தார்.

“ஏம்மா, அது நம்ம மாரீஸ்வரி இல்ல? நீ எதுக்கு அங்கன உக்காந்திருக்க? மேல வா!”

மேடை முழுவதும் திரும்பியது. மாரீஸ்வரியைத் தெரியாதவர்கள் இல்லை. மூன்று வருஷமும் பல்கலைக்கழகத்தில் முதலிடம், தங்கப் பதக்கம், இப்போது திருவனந்தபுரத்தில் விஞ்ஞானி. அந்தக் கல்லூரி அவளுக்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு மாணவியைப் பார்க்கவில்லை.

“முஜீபு, உனக்கே நல்லா இருக்கா?” பிச்சைமணி எழுந்தே விட்டார். “நெசமான நம்பர் ஒன்னைக் கீழ உக்கார வச்சிட்டு, நம்ம எல்லாரும் மேல உக்காந்திருக்கோம்!”

முஜிபுர் ரஹ்மான் பச்சை நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். பின்னாலிருந்து முன்னால் புரட்டினார். மாரீஸ்வரி என்று ஒரு பெயர்கூட இல்லை.

மைக்கை எடுத்துக்கொண்டு தானே கீழே இறங்கிப் போனார். “மன்னிச்சுக்கம்மா. சார் எப்படி உன் பேரை விட்டாகன்னு தெரியல. எங்கயோ விட்டுப் போச்சு.”

மாரீஸ்வரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேடையில் இருந்த எண்பத்தாறு பேரையும் ஒரு முறை பார்த்துவிட்டு மைக்கை வாங்கினாள்.

“விட்டெல்லாம் போகலண்ணே, எங்க வீட்டுக்கும் ஒருநாள் வாங்க சார்னு மூணு வருஷமும் கேட்டேன், ‘நீ ஒரு பரீட்சையில ஃபெயிலாகும்மா, மறுநாளே வர்றேன்’னு சொல்லிட்டாக.”