நான் சொன்னது என் ரைட்டு

மனித குலத்தில் திசைகாட்டியார் என்றொரு இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். யாராவது காரை நிறுத்த இடம் தேடினால் போதும், சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்து, வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, "ரைட்ல ஒடிங்க, இன்னும் ரைட்டு, வரட்டும், வரட்டும்" என்று கூவி, வண்டி சுவரில் இடித்து நின்றதும், "நான் சொன்னது என் ரைட்டுங்க!" என்று மனம் நொந்துபோவார். அவர் நிற்கும் இடம்தான் உலகத்துக்கே நடு. பல் டாக்டரிடம் போனால் மட்டும் டாக்டர் நிற்கும் பக்கத்திலிருந்து கணக்குப் போட்டுத்தான் இடது பல் என்பார். நல்ல பல் தப்பித்தது அந்த டாக்டர் செய்த புண்ணியம்.

நம் திசைகாட்டியாருக்கு அவர் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், பெரிய மனசு பண்ணி ஒரு நாளைக்குக் கார் கொடுத்தார். "ஒரு கீறல் விழக் கூடாது மாப்ள" என்று சொல்லித்தான் கொடுத்தார். கீறல் விழவில்லை. மனைவி காரை வீட்டு கேட்டுக்குள் திருப்ப, இவர் எதிரே நின்று "ரைட்டு, ரைட்டு" என்று கையாட்ட, வலது பக்க ஹெட்லைட் தூணில் மோதித் தூள்தூளாகியது.

"நீங்கதானே ரைட்டுன்னீங்க!"

"நான் சொன்னது..."

"வாயத் தொறக்காதீங்க! சாயங்காலம் அண்ணன் வந்து நிப்பாரு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் சாவியக் குடுக்கிறது?"

வெறும் விளக்குதானே என்கிறீர்களா? நன்றாகச் சொன்னீர்கள்! மச்சானிடம் இப்படி ஒரு கதை சிக்கிவிட்டால், இனி நாலு சொந்தக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் ஆயுசுக்கும் அதுதானே பேச்சு? மானம் கப்பலேறுவதற்குள் லைட்டை மாட்டியாக வேண்டும். உடைந்ததை முன்னால் நின்று ஒரு தடவை உற்றுப் பார்த்தார், ஸ்கூட்டரை உதைத்தார், உதிரிபாகக் கடையில் போய் "லெஃப்ட் ஹெட்லைட்" என்றார். எதிரே நின்று பார்த்தவருக்கு அது இடது பக்கம்தானே?

வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை. அதே கடைக்குப் போனால் சிரிப்பார்களே என்று வேறு கடைக்குப் பறந்தார். அங்கிருந்தவர் விவரம் கேட்டுவிட்டு, "டிரைவர் சீட்ல உக்காந்து முன்னால பாருங்க சார். உங்க வலது கைப் பக்கம் இருந்தா ரைட்டு, அவ்வளவுதான்" என்றார். திசைகாட்டியார் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். காற்றில் ஸ்டியரிங் பிடித்தார். வலது! சந்தேகமே இல்லை, வலதுதான்!

அதோடு வாயைத் திறந்து சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் கண்ணைத் திறந்தவர், கடைக்காரர் எதிரே தன்னைப் பார்த்து நிற்பதைக் கவனித்துவிட்டார். நம்ம ரைட்டு இவருக்கு லெஃப்ட் ஆச்சே, பாவம், குழம்பிவிடப் போகிறார் என்று மனம் இளகி, அவருக்காகத் திருப்பிப் போட்டு, "லெஃப்ட் குடுங்க" என்றார். என்ன ஒரு பெருந்தன்மை!

இரண்டு இடது லைட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தபோது மச்சான் வந்தார். வண்டியைப் பார்த்தார். திசைகாட்டியார் மடியிலிருந்த லைட்டுப் பெட்டிகளைப் பார்த்தார், எழுதியிருந்ததைப் படித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ரெண்டுமே லெஃப்டா? மாப்ள, உங்கள வச்சுக்கிட்டு என் தங்கச்சி எப்படித்தான் குடும்பம் நடத்துறாளோ! விடுங்க. இதே ரைட்டு லைட்டு புதுசா ஒண்ணு என் வீட்டுப் பரண்ல சும்மா கிடக்கு. எடுத்துட்டு வரேன்."

எடுத்து வந்தார். தூசி தட்டினார். பொருத்திப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் பொருந்தவில்லை.

"ஏண்ணா," என்றாள் தங்கை, "புது லைட்டு சும்மா எதுக்குப் பரண்ல கிடந்துச்சு?"

பெட்டியில் தூசிக்கு அடியில் தெரிந்த 'லெஃப்ட்'டை மச்சான் கையால் மறைத்தார். திசைகாட்டியார் எழுந்து போய், ரொம்ப மரியாதையாக அவருக்கு உட்கார ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்குமே, புத்தம் புதுசாக, எதற்கும் பொருந்தாமல்? வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து இறக்குங்கள்.