போர்ட்ஸ்மவுத்தில் டெஸ்டர் அங்கிள்

உலகத்தில் டெஸ்டர் அங்கிள் சந்தேகப்படாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய சந்தேகம். மற்ற எதையும், சூரியன் கிழக்கே உதிப்பது உட்பட, ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வார்.

அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் எங்கள் தெருக்கோடி வீட்டில் இருந்தார். சொந்த ஊர் ஈரோடு பக்கம். வேலையில் இருந்த காலமெல்லாம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டர். அதாவது, மற்றவர்கள் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்கியவர். ரிட்டயரான பிறகு அதே வேலையைச் சம்பளமில்லாமல் ஊருக்குச் செய்துகொண்டிருந்தார். அவருடைய நிஜப் பெயர் அவர் மகனுக்கும் வரி இலாகாவுக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைக்கிறேன். எங்களுக்கெல்லாம் அவர் டெஸ்டர். எங்கள் பிள்ளைகளுக்கு டெஸ்டர் அங்கிள்.

மௌரி அவென்யூ மளிகைக் கடையில் அவர் கார் வந்து நின்றால் போதும், கடைக்காரர் தயிர் டப்பாக்களைத் தானாகவே தேதி பார்த்து அடுக்க ஆரம்பித்துவிடுவார். தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டி ஆட்டி இவர் கேட்கிற அழகைப் பார்த்தால், தேங்காய் ஏதோ வாக்குமூலம் கொடுப்பதாகத் தோன்றும். ஆனால் மனுஷரின் மரியாதை மட்டும் குறையாது. எதிராளியைத் திருடன் என்று நினைத்தாலும் 'ங்க' போட்டுத்தான் நினைப்பார். "எனக்கென்னமோ சரியாப் படலீங்க" என்பார் மெதுவாக. அந்த ஒரு வாக்கியத்தில் கவிழ்ந்துபோன வியாபாரங்கள் ஃப்ரீமான்ட்டில் ஏராளம்.

நாங்கள் வீடு வாங்கப்போனபோது கூட வந்தார். ஹால், கிச்சன், தோட்டம் எல்லாம் எங்களுக்குப் பரம திருப்தி. டெஸ்டர் பேசாமல் சட்டைப்பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்துத் தரையில் வைத்தார். அது தன் பாட்டுக்கு உருண்டு கிச்சனுக்குப் போய் ஃப்ரிட்ஜுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. வீடு காட்டிய அம்மாள் முகத்தில் ஈயாடவில்லை. அந்த வீட்டை நாங்கள் விட்டோம். வேறொருவர் வாங்கி, அஸ்திவாரத்தை ரிப்பேர் செய்தே ஓய்ந்துபோனார். அன்றிலிருந்து என் மனைவிக்கு டெஸ்டர் வாக்குதான் வேதவாக்கு.

இப்பேர்ப்பட்டவரைக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை விசாரிக்க விட்டால் என்ன ஆகும்? ஊரில் பெண் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அவரிடம்தான் போனார்கள். ஒரு பையனைக்கூட அவர் பாஸ் பண்ணியது கிடையாது. பக்கத்து ஊரான டப்ளினில் ஒரு பல் டாக்டரை, வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறான் என்று கழித்துவிட்டார். இன்னொருவனிடம் குறையே இல்லை, கார் மட்டும் ரொம்பச் சுத்தமாக இருந்தது. "இத்தனை சுத்தமா வெச்சிருக்கறவன் எதையோ தொடச்சிருக்கறானுங்க" என்றார். அந்தச் சம்பந்தமும் போயிற்று.

இந்த நிலையில்தான் லண்டனில் வேலை பார்க்கும் என் மகள் யாழினி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். அருள் என்று ஒரு பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறாளாம். தூத்துக்குடிக்காரன். இங்கிலாந்தின் தென்கரையில் போர்ட்ஸ்மவுத் என்கிற பழைய துறைமுக ஊரில் கப்பல் இன்ஜினியர். என் மனைவி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். கப்பல் கவிழ்ந்தாற்போல என்பார்களே, அதேதான். முன்பின் தெரியாத பையன், விசாரிக்காமல் சம்மதிக்க மாட்டேன் என்றாள் அம்மா. விசாரிப்பது கேவலம் என்றாள் பெண். அதோடு இரண்டு பேரும் பேசிக்கொள்வது நின்றுபோனது. செய்திகளை இங்குமங்கும் தூக்கிப்போகும் தபால்காரன் வேலை எனக்கு வந்தது. கடைசியில் மனைவி ஒரு முடிவு சொன்னாள்: டெஸ்டர் சார் நேரில் பார்த்துச் சரி என்றால் நானும் சரி, இல்லையென்றால் நான் கல்யாணத்துக்கே வரமாட்டேன்.

மகளுக்கு ஃபோன் செய்து சொன்னேன்.

"டாட், ஹி ஹாஸ் நெவர் பாஸ்ட் எனிபடி" என்றாள்.

எனக்கும் அது தெரியும். அதனால்தான் விமானத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை. பக்கத்து சீட்டில் டெஸ்டர் விமானத்தின் இறக்கை ஆடுவதை விடாமல் கண்காணித்துக்கொண்டு வந்தார். நடுவில் எனக்கு ஒரு திட்டமும் சொன்னார்: நாங்கள் சும்மா ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். யாழினி லண்டனை விட்டு வரக் கூடாது. விசாரிக்க வந்தது அந்தப் பையனுக்குத் தெரியவே கூடாது. யாழினி அவனிடம் எல்லாவற்றையும் ஏற்கெனவே சொல்லிவிட்டாள் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

போர்ட்ஸ்மவுத் ஸ்டேஷனில் அருள் மூன்று குடைகளோடும் ஒரு ஃப்ளாஸ்க் டீயோடும் நின்றிருந்தான். ஒல்லியான பையன். கும்பிட்ட கையோடு எங்கள் பெட்டிகளை வாங்கிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. டெஸ்டர் என் காதோரம் குனிந்தார்.

"மழை வரும்னு இவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குது பாத்தீங்களா?"

எங்களுக்காக லீவு போட்டிருந்தான் அருள். எப்படி லீவு கிடைத்தது என்று அவருக்குச் சந்தேகம். நல்ல சைவ ஓட்டலாகப் பார்த்து வைத்திருந்தான். நாங்கள் சைவம் என்று யார் சொன்னது என்று சந்தேகம். நல்லவனாக இருப்பதற்கு ஒருத்தன் இவ்வளவு மெனக்கெடுவானா என்பது மொத்தச் சந்தேகம்.

முதலில், கடலுக்கடியில் பல நூறு வருஷம் கிடந்த ஒரு கப்பலை வெளியே எடுத்து வைத்திருக்கும் மியூசியத்துக்குப் போனோம். பாதிக் கப்பல்தான் கிடைத்ததாம். நான் வாய் பிளந்து நின்றேன். டெஸ்டர் அங்கிருந்த சிப்பந்தியிடம், மீதிப் பாதி எங்கே என்று விசாரித்தார். கடல் தின்றுவிட்டது என்றார் அவர். "பாதியத் தின்னுட்டுப் பாதிய மிச்சம் வெக்கறதுக்கு அதென்ன கல்யாணப் பந்தீங்களா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, மீதியை எங்கேயோ ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்பதுபோல வெளியே வரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அடுத்து ஒரு பெரிய பழைய போர்க்கப்பல். மேல்தளத்தில் ஏறியதும் நான் பயந்தது நடந்தது. டெஸ்டர் கோலிக்குண்டை எடுத்துத் தரையில் வைத்துவிட்டார். அது விறுவிறுவென்று ஓரத்துக்கு ஓடியது. அருள் பாய்ந்து விழுந்து, கடைசி விநாடியில் அதைப் பிடித்தான். முழங்கையில் சிராய்ப்போடு எழுந்து வந்து இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தான்.

"மழைத்தண்ணி நிக்கக் கூடாதுன்னு டெக்கை நடுவுல மேடா, ஓரத்துல சரிவாத்தான் போடுவாங்க அங்கிள்" என்றான்.

"எல்லாத்துக்கும் ஒரு பதில் ரெடியா வெச்சிருக்கறான்" என்றார் டெஸ்டர் என்னிடம். "எனக்கென்னமோ சரியாப் படலீங்க."

அன்றிரவு மனைவி ஃபோனில், டெஸ்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றேன். மகளும் அதையே கேட்டாள். அவளுக்கும் அதே பதில்.

மறுநாள் கடற்கரை. அங்கே மணலே கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை கூழாங்கல். டெஸ்டர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். எங்கூர் ஆற்றிலும் இப்படித்தான், ஒருநாள் விடிந்து பார்த்தால் மணலைக் காணோம், கல் மட்டும்தான் கிடந்தது என்றார். பிறகு அருள் பக்கம் திரும்பி, "லாரி எந்தப் பக்கமா வருதுங் தம்பி?" என்று ரகசியமாகக் கேட்டார். இங்கே எப்போதுமே கல்தான் என்று அவன் சொன்னதை அவர் நம்பவில்லை.

எதிரே இருந்த தீவுக்கு ஹோவர்கிராஃப்ட் என்று ஒரு வண்டி போகிறது. கடலிலிருந்து நேராகக் கரைக்கு ஏறி வந்து நிற்கும். இதைப் பார்த்ததும் டெஸ்டர் இரண்டடி பின்வாங்கினார். தண்ணீரிலும் இருப்பேன் தரையிலும் இருப்பேன் என்பவர்களை நம்பக் கூடாது என்பது அவர் கட்சி. தீவு கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, ஆளுக்கொரு உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். எந்த எண்ணெயில் பொரித்தது என்று டெஸ்டர் ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, வானத்திலிருந்து ஒரு கடற்பறவை இறங்கி மடியிலிருந்த பொட்டலத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டது. அந்த ஊரில் அவர் சந்தேகப்பட மறந்த ஆசாமி அது ஒன்றுதான். அருள் தன் பொட்டலத்தை அவர் பக்கம் நீட்டினான். அவர் அதை வாங்கிக்கொண்டு, ஏன் கொடுத்தான் என்று யோசிக்க ஆரம்பித்தார்.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் காலை ஓட்டலில் டெஸ்டரைக் காணோம். ஃபோனும் எடுக்கவில்லை. வெளியே நல்ல மழை. நான் ரிசப்ஷனுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஒருவழியாக, சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். முகத்தில் மட்டும் அப்படியொரு பிரகாசம். வீடு வாங்கப்போன அன்று கோலி உருண்டபோதுகூட அவர் முகத்தில் அதை நான் பார்த்ததில்லை.

"அருள் வீட்டுப் பக்கம் போயிருந்தேனுங்க" என்றார்.

நம்மூர் வழக்கப்படி அக்கம்பக்கத்தில் விசாரிக்கப் போயிருக்கிறார். பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்கார அம்மாள், தனியாக இருப்பவள், வயது எழுபதுக்கு மேல் இருக்கும். அவளிடம் போய், இந்தப் பையன் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவான், யார் யார் வந்து போகிறார்கள், குடிப்பானா என்று கேட்டிருக்கிறார். இங்கிலாந்தில் முன்பின் தெரியாத ஒருவர் காலங்காத்தால கேட்கிற கேள்வியா இது? அவள் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. கேட்டுக்கு வெளியே மழையில் இவரை நிறுத்திவைத்து அவள் விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். நீ யார், எங்கிருந்து வருகிறாய், அவனைப் பற்றி உனக்கென்ன, யார் அனுப்பினார்கள், பாஸ்போர்ட்டைக் காட்டு. காட்டியிருக்கிறார். அதிலிருந்த ஃபோட்டோவையும் இவர் முகத்தையும் அவள் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இது நீ மாதிரி இல்லையே என்றாளாம். போகும்போது இவரை ஒரு படம் எடுத்துக்கொண்டு, இந்தத் தெருவில் இன்னொரு தடவை உன்னைப் பார்த்தால் போலீஸைக் கூப்பிடுவேன் என்றும் சொல்லியனுப்பியிருக்கிறாள்.

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். டெஸ்டர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, என் மனைவிக்கு ஃபோன் போடச் சொன்னார். கெஞ்சிப் பார்த்தேன். முடியாது என்றார். போட்டேன்.

"சொல்லுங்க சார், பையன் எப்படி?" என்றாள் அவள்.

"பையன் எப்படின்னு எனக்கு முழுசாத் தெரியலீங்க அம்மிணி. ஆனா பக்கத்து வீட்டு அம்மா ஒண்ணு, என்னையவே சந்தேகப்பட்டுப் போடுச்சுங்க. மழையில நிக்க வெச்சு. எதுக்குங்க? அவனுக்கு ஒண்ணு ஆயிரக் கூடாதுன்னுதானுங்களே. ஒருத்தன் மேல பாசம் இல்லாம அவனுக்காக யாரும் இப்படிச் சந்தேகப்பட மாட்டாங்க. ஊரு விட்டு ஊரு வந்து ஒரு மனுஷியச் சம்பாரிச்சு வெச்சிருக்கறான். நம்ம புள்ளையப் பாத்துக்குவானுங்க."

ஃபோனில் என் மனைவி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அப்போ நாள் பார்த்துடலாமா சார்?"

"பாருங்க. எந்த ஜோசியர்னு மட்டும் சொல்லுங்க, ஒருக்கா விசாரிச்சுடறேன்."

அன்றே அம்மாவும் பெண்ணும் ஃபோனில் பேசினார்கள். பேசினார்கள், பேசினார்கள், எனக்குத் தபால்காரன் வேலை போயிற்று. சாயங்காலம் அருள் சிரித்துக்கொண்டே வந்தான். பக்கத்து வீட்டு அம்மாள் டெஸ்டரின் படத்தைக் காட்டி எச்சரித்தாளாம். எங்க மாமாதான் என்று சொல்லிவிட்டேன் என்றான். டெஸ்டர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கதவைச் சரியாப் பூட்டிட்டுத் தூங்கு கண்ணு" என்றார். அதுவரை அவனை அவர் தம்பி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கல்யாணம் எங்கள் பக்கத்து ஊர் டப்ளினில் நடந்தது. பக்கத்து வீட்டு அம்மாளும் இங்கிலாந்திலிருந்து வந்திருந்தாள். அவளும் டெஸ்டரும் கடைசி வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, சமையல்காரரை ஒரே மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார்கள். பாயசம் வந்தபோது இவர் முதலில் ருசி பார்த்துவிட்டுத் தலையாட்டிய பிறகுதான் அவள் வாயில் வைத்தாள்.

போன வருஷம் டெஸ்டர் வீட்டைக் காலி செய்துவிட்டு, டெக்ஸாஸில் ரிச்சர்ட்சனில் இருக்கும் மகனோடு இருக்கப் போய்விட்டார். இப்போது மௌரி அவென்யூவில் நான் எடுத்துவைக்கிற தயிரை யாரும் திருப்பி வைப்பதில்லை. புதுக் கார் வாங்கினேன், யாரும் அடியில் குனிந்து பார்க்கவில்லை. நிம்மதியாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

போன வாரம் அவருக்கு ஃபோன் செய்தேன். சும்மாதான் கூப்பிட்டேன், எல்லாரும் சௌக்கியம் என்றேன்.

"எனக்கென்னமோ சரியாப் படலீங்க" என்றார் டெஸ்டர். "உங்க குரலே ஒரு மாதிரி இருக்குதுங்களே."

அவர் அதைச் சொல்கிற வரைக்கும் என் குரல் நன்றாகத்தான் இருந்தது.